கழுவெளி, தரிசு, புறம்போக்கு: சென்னையின் நீர்நிலம் குறித்துச் சில குறிப்புகள்

1

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு வேளச்சேரிக்குத் தெற்கே எங்கள் தெருவில் தண்ணீர் இடுப்பளவுக்கு ஏறியது. தாம்பரத்தில் அந்த ஒரு நாளில் பெய்தது 49 சென்டிமீட்டர். வீட்டைப் பூட்டிவிட்டு எதிர்வீட்டு மாடியில் நான்கு நாள் கிடந்தோம். அந்த நான்கு நாளும் நான் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: ‘தண்ணி அது வீட்டுக்குத்தாங்க வந்திருக்கு. நாமதான் அது வீட்டுல குடியிருக்கோம்.’ எதிர்வீட்டுக்காரர் சொன்னார். பால் பாக்கெட் கொண்டுவந்த பையன் சொன்னான். பிறகு பத்திரிகைகளில் எழுதினார்கள். நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாக்கியத்தின் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘நாம்’ என்பது முன்னிலையாரையும் சேர்த்துக்கொள்ளும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. யார் யாரெல்லாம் இந்த ‘நாம்’? ஏரிக்குள் மனை போட்டு விற்றவர், அதைச் சீட்டுப் பணத்தில் வாங்கிய என் அப்பா, அதற்கு முத்திரை குத்திய அலுவலகம், சதுப்பின் நடுவே வளாகம் எழுப்பிய நிறுவனம், கூவம் கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கப்பட்ட குடும்பம் எல்லோரும் ஒரே ‘நாம்’ தானா? எல்லோரையும் குற்றவாளியாக்குவதன் மூலம் எல்லோரையும் விடுதலை செய்துவிடுகிற வாக்கியம் இது. தண்ணீருக்கு வீடு இருந்ததென்றால் அந்த வீட்டுக்குப் பட்டா எப்படி மாறியது, யார் பெயருக்கு மாறியது என்பதைக் கேட்க வேண்டாமா? இக்கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் கேட்டுப் பார்க்கிறது.

2

பழைய செங்கல்பட்டுச் சீமையில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. பாலாறு, கூவம், அடையாறு எல்லாம் மழைக்காலத்து விருந்தாளிகள். ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில், அதுவும் எண்ணிச் சொல்லிவிடக்கூடிய சில நாட்களில், கொட்டித் தீர்த்துவிடும். நிலமோ மேற்கிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. இங்கே பயிர் வைக்க வேண்டுமானால் வந்த மழையை ஓடவிடாமல் நிறுத்தவேண்டும். முழுக்க நிறுத்தவும் முடியாது, கரை உடைந்துவிடும்.

இதற்குக் கண்ட வழிதான் ஏரி. சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி ஒரு மண்கரை. வயலுக்குத் தண்ணீர் விட மதகு. மிஞ்சியது வழிந்தோட கலங்கல். ஒரு ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து. அது நிறைந்தால் அதற்கும் கீழே. இப்படிச் சங்கிலியாக இறங்கி வந்து, கடலுக்குச் சற்று முன்னால், மணல்மேட்டுக்கு உட்புறம், தாழ்ந்த பரப்பில் நீர் பரவி நிற்கும். இதற்குப் பெயர் கழுவெளி. ஏரி மனிதர் கட்டியது. கழுவெளி தானாக அமைந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு அப்படிப்பட்ட ஒரு கழுவெளி. ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகைநீர், அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடும்.

இதில் ஒரு விஷயம் நகரத்தாருக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஏரியும் கழுவெளியும் எப்போதும் தண்ணீர் தளும்புகிற இடங்கள் அல்ல. கார்த்திகையில் நிறையும், பங்குனியில் வற்றும், சித்திரையில் வெடித்துக் கிடக்கும், மாடு மேயும், வண்டல் அள்ளுவார்கள். மீண்டும் மழை. இந்த நிறைதலும் வற்றுதலும்தான் அதன் உயிர். மண்ணுக்குள் காத்திருந்த முட்டையும் விதையும் முதல் மழையில் எழும். வற்றும்போது ஒதுங்கும் மீனையும் புழுவையும் தேடிப் பறவை வரும். கோரை, சம்பு, நாணல் எல்லாம் இந்தக் கணக்குக்குப் பழகியவை. ‘சூழலமைவின் நலம்’ என்று இன்று சொல்வதற்கு இங்கே பொருள், இந்த வருடக் கணக்குப் பிசகாமல் இருப்பது என்பதுதான்.

ஊர்ப்பெயர்கள் இதையெல்லாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கலில் இன்று இறங்கினால் ரயில்நிலையமும் சுரங்கப்பாதையும்தான் இருக்கிறது. மழைக்கு அந்தச் சுரங்கப்பாதை பழைய பெயரை ஞாபகப்படுத்தும். நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் சாலை, எழும்பூரில் ஸ்பர் டாங்க் சாலை, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை. பார்ப்பதற்கு லேக்தான் இல்லை.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ‘நம் முன்னோர் ஏரியைத் தெய்வமாகப் பேணினார்கள், வெள்ளைக்காரன் வந்தான், எல்லாம் போச்சு’ என்ற கதையாடல் இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையில் நடத்திய கணக்கெடுப்பு விளைச்சலில் எந்தெந்தப் பங்கு எதெதற்கு என்று ஊர் ஊராகப் பதிந்திருக்கிறது. ஏரிக்கும் பங்கு உண்டு, கோயிலுக்கும் உண்டு, ஊர்ப்பணியாளருக்கும் உண்டு. ஏரி ஊர் செலவில் நின்றது என்பது உண்மை. ஆனால் ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் சேரி இல்லை என்பதும் உண்மை. நிலம் மிராசுதாரருடையது, அதில் உழைத்தவர் பறையர். எங்கள் தாத்தா மதுராந்தகம் பக்கம் ஒரு ஊரில் நீர்க்கட்டி. எந்த மதகை எந்த நேரம் எவ்வளவு தூக்க வேண்டும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, கரையில் எங்கே கசிகிறது எல்லாம் அவர் காலுக்குத் தெரியும். ராத்திரி மழையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு கரையில் நடந்தது அவர்தான். அந்த ஏரியால் ஊறிய ஊர்க்கிணற்றில் அவர் தண்ணீர் சேந்தியது கிடையாது. அறுவடையில் அவர் வீட்டுக்கு வந்தது களத்தில் அளந்து போட்ட சில மரக்கால்.

ஆகவே பழைய ஏரி முறையைப் பொற்காலமாக நான் எழுதப் போவதில்லை. அது நீரைப் பற்றிய ஆழ்ந்த அறிவும், அந்த அறிவைச் சுமந்தவரைத் தள்ளிவைத்த சாதியும் ஒன்றாகக் கலந்த ஏற்பாடு. அது குலைந்தபோது சாதி குலையவில்லை. அறிவுதான் போனது.

3

1763இல் ஆற்காட்டு நவாபு செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனிக்கு வேண்டியது வரி. வரி போட நிலத்தை அளக்கவேண்டும், வகைப்படுத்தவேண்டும், பெயரிட வேண்டும். நன்செய், புன்செய், மானாவாரி. அப்புறம் வரி வராத நிலம்? அதற்கு இரண்டு பெயர் கிடைத்தன. ஒன்று தரிசு, அதிலும் தீர்வை விதித்த தரிசு, தீர்வை விதிக்காத தரிசு என இரு கிளை. இன்னொன்று புறம்போக்கு.

புறம்போக்கு என்ற சொல்லைத் திட்டாக மட்டும் அறிந்தவர்கள் அதன் நேர்ப்பொருளைப் பார்க்கவேண்டும். வரிக்கணக்குக்குப் புறம்பே போன நிலம், அவ்வளவுதான். ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு, வண்டிப்பாட்டை, களம். ஒருவருக்கும் சொந்தமில்லை என்பதால் அல்ல, எல்லோருக்கும் வேண்டியிருந்ததால் வரிக்கு அப்பால் வைக்கப்பட்ட இடங்கள் இவை. ரயத்துவாரி முறையில் இந்தப் பொருள் தலைகீழானது. வரி தரும் நிலமே நிலம், மற்றது மிச்சம். மிச்சத்துக்குச் சர்க்கார் சொந்தக்காரர். இன்றைக்குச் சென்னைத் தெருவில் ஒருவன் இன்னொருவனைப் ‘பொறம்போக்கு’ என்று வைதால், அந்த வசவுக்குள் ஒரு வருவாய்த்துறையின் முழு வரலாறும் இருக்கிறது: வரி கட்டாதவன், பயன்படாதவன், யாரும் எடுத்துக்கொள்ளலாம். 2017இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்துப் பாடிய ‘பொறம்போக்கு’ பாடல் இந்த வசவைத் திருப்பி எடுத்து நிறுத்தியது ஒரு முக்கியமான பண்பாட்டு நிகழ்வு எனலாம்.

கழுவெளிக்கு வருவோம். அதில் நெல் விளையாது. அளவுக்கல் நட முடியாது, நட்டால் அடுத்த மழையில் காணாமல் போகும். எல்லை வருடா வருடம் மாறும். அசையாத கோடுகளால் ஆன ஒரு வரைபடத்தில் அசையும் பரப்பை எப்படிப் போடுவது? தரிசு என்று போடு. சொல்லாடல் பொருளை உண்டாக்கும் என்பதை ஃபூக்கோ வந்துதான் நமக்குச் சொல்ல வேண்டுமென்றில்லை; கிராமக் கணக்கின் ‘அ’ பதிவேட்டைப் புரட்டினாலே போதும். மீனும் கோரையும் பறவையும் பாம்பும், அதை நம்பி வலை வீசியவர்களும் புல் அறுத்தவர்களும் இருந்த ஒரு பரப்பு காகிதத்தில் காலியாகிவிட்டது. மண் கொட்டுவதற்கு நூறு வருடத்துக்கு முன்பே அது காலி. பின்னால் வந்தவர்கள் காலியிடத்தில்தான் கட்டினார்கள்.

4

முதலில் காணாமல் போனவை நகரத்துக்கு உள்ளேயிருந்த ஏரிகள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைவரை நீண்டு கிடந்த ஏரியை ஆங்கிலேயர் ‘லாங் டாங்க்’ என்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதில் துரைமார் படகுப்போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1915இல் பேட்ரிக் கெடிஸ் தன் நகரமைப்புக் கண்காட்சியைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1918இல் லாங்செஸ்டரின் சென்னை நகரமைப்பு நூல் வந்தது. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம். அதைத் தொடர்ந்த சில ஆண்டுகளில் மாம்பலம் பக்கம் ஏரியை வடித்து எழுப்பியதுதான் தியாகராய நகர். பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரில் நகர், பனகல் அரசர் பெயரில் பூங்கா, உஸ்மான், நாயர், நடேசன் பெயர்களில் சாலையும் பூங்காவும். நீதிக்கட்சியின் நினைவு மண்டபம் மாதிரி ஒரு நகர் ஏரிப்படுகையில் எழுந்தது. பிராமணரல்லாதார் அரசியல் தன் நவீனத்துவத்தை எழுதிப் பார்த்த பக்கம் அது. அந்தப் பக்கத்துக்கு அடியில் என்ன அழிக்கப்பட்டது என்பதை அந்த அரசியலின் வழிவந்த நாம் கேட்டதில்லை. அதே ஏரியின் நுங்கம்பாக்கப் பகுதியில், 1976இல், வள்ளுவருக்குக் கோட்டம் கட்டினோம். நீரின்றி உலகம் இல்லை என்றவருக்கு ஏரிக்குள் கோட்டம் என்ற முரண் யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

ஏரியைத் தூர்க்க வீட்டுத்தேவை ஒரு காரணம். இன்னொரு காரணம் சுகாதாரம். இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. தேங்கிய நீரிலிருந்தும் சதுப்பிலிருந்தும் எழும் நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. 1897இல் ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். நச்சுக்காற்றுக் கொள்கை போனது. ஆனால் நீர்நிலைமேல் இருந்த பழி போகவில்லை. காற்று இருந்த இடத்தில் கொசு வந்து உட்கார்ந்தது. மனித நலத்தின் பெயரால் நீரின் நலம் முடித்துவைக்கப்பட்டது.

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், சென்னையில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசுவான அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி ஏரியை நாடுவதைவிடக் கிணற்றையும் மொட்டைமாடித் தொட்டியையும் நாடுவது. சுத்தமான, அசையாத, மூடாத நீர் அதற்குப் போதும். ஏரி போய், குழாய்த் தண்ணீர் எப்போது வரும் எப்போது நிற்கும் என்று தெரியாத நகரத்தில், ஒவ்வொரு வீடும் தொட்டி கட்டித் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. ஏரியின் வேலையை லட்சம் தொட்டிகள் செய்கின்றன. தவளையும் மீனும் இல்லாத தொட்டிகள்.

5

சுதந்திரத்துக்குப் பின் என்ன ஆனது? வேகம் கூடியது, வாதம் மாறவில்லை. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. வேலை வந்தது, ஜனம் வந்தது, நகரம் தெற்கேயும் மேற்கேயும் வயலுக்குள் இறங்கியது. இங்கே ஒரு நுட்பமான இயக்கம் நடந்தது. அதைப் புரிந்துகொண்டால்தான் ஏரி எப்படிச் சாகிறது என்பது விளங்கும்.

ஏரியை யாரும் முதலில் தொடுவதில்லை. முதலில் போவது ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசன வயல். வயல் மனையாகும். மனைக்காரருக்கு மதகு எதற்கு? தண்ணீர் வந்தால் அவருக்குத் தொல்லை. ஏரிக்காகக் குரல் கொடுக்க ஆயக்கட்டுக்காரர் இல்லை. நூறு ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள ஏரி பொதுப்பணித் துறையிடம், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்திடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பாசனமே இல்லாத ஏரி யாரிடம்? கோப்பில் அது ‘பயனற்ற ஏரி’. பிறகு வரத்துக்கால்வாய் தெருவாகும், கலங்கல் குப்பைமேடாகும். கடைசியில் ஏரிக்குள்ளேயே மனை. முகப்பேரில் வீட்டுவசதித் துறை போட்ட குடியிருப்புக்கு இன்றும் மக்கள் சொல்லும் பெயர் ‘ஏரி ஸ்கீம்’. கொன்றதன் பெயரை வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம் போலும்.

எங்கப்பா 1996இல் அரை கிரவுண்டு வாங்கினார். விற்றவர் அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார். ஏரியைப் பார்த்தாற்போல் வீடு என்று பொருள். மூலப்பத்திரம் பார்த்த வக்கீல், ‘எல்லாம் கிளியரா இருக்கு சார்’ என்றார். பட்டாவும் வந்தது. முதன்முதலாக எங்கள் வம்சத்தில் ஒருவர் பெயரில் நிலம். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு சாமிபடத்துக்குப் பக்கத்தில் மாட்டினார் எங்கம்மா. ஏரியைக் காத்தவரின் பேரன் ஏரிக்குள் குடியிருக்கிறேன் என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எங்களுக்கு வேறு எந்த நிலமும் எட்டும் விலையில் இல்லை என்பதுதான் உண்மை. நல்ல மேட்டு நிலம் எப்போதோ கைமாறிவிட்டது.

சங்கிலியின் மேல்கண்ணிகள் இப்படி அறுந்தால் கடைசியில் இருக்கும் கழுவெளிக்கு என்ன கதி? 1960களில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் இருந்ததாக மதிப்பிடப்படும் பள்ளிக்கரணைச் சதுப்பு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு சொச்சமாகச் சுருங்கிவிட்டது. காலியிடம் என்று காகிதம் சொன்னதால், எதை எங்கே வைப்பது என்று தெரியாதபோதெல்லாம் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1980களில் இருந்து பெருங்குடியில் நகரத்துக் குப்பை. அதற்குப் பக்கத்திலேயே கழிவுநீர் நிலையம். கடலை ஆராயும் மத்திய நிறுவனத்துக்கு ஒரு வளாகம், காற்றை ஆராயும் நிறுவனத்துக்கு ஒரு வளாகம். (சதுப்பை ஆராய ஒரு நிறுவனம் இருந்திருந்தால் அதையும் சதுப்பிலேயே கட்டியிருப்பார்கள்.) சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் துரைப்பாக்கம் - பல்லாவரம் இருநூறடிச் சாலை. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் வளாகங்கள். பறக்கும் ரயில் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம்வரையும், 1997இல் மயிலாப்பூர்வரையும், 2007இல் வேளச்சேரிவரையும் வந்தது. அதன் தூண்கள் பெரும்பகுதி எங்கே நிற்கின்றன? பக்கிங்ஹாம் கால்வாய்க்குள். 1806இல் தொடங்கிய, 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய கால்வாய் அது. பஞ்சத்தில் வெட்டியதை வளர்ச்சியில் அடைத்தோம்.

6

இந்த ‘வளர்ச்சி’ சதுப்பின் உடம்புக்கு என்ன செய்தது? மூன்று விஷயங்களைச் சொல்லலாம்.

ஒன்று, அதன் வருடக் கணக்கு போய்விட்டது. சித்திரையில் வற்ற வேண்டிய இடத்தில் பன்னிரண்டு மாதமும் சாக்கடை வந்து சேர்கிறது. வற்றாத, சத்து மிகுந்த நீரில் ஆகாயத்தாமரை மூடிக்கொள்ளும். அடியில் வெளிச்சம் இல்லை, பிராணவாயு இல்லை. பச்சைப்பசேல் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரிவதே நோயின் அறிகுறி.

இரண்டு, குப்பையின் சாறு. மக்கும் குப்பையில் மழை இறங்கிக் கறுப்பாக வடியும் நீர் சதுப்புக்குள் போகிறது, நிலத்தடிக்கும் போகிறது. குப்பை தானாகவும் எரியும். 2022 ஏப்ரலில் பெருங்குடி நாட்கணக்கில் எரிந்து புகைந்தது.

மூன்று, நீரின் போக்கு. சதுப்பு ஒரு பஞ்சு. பெருமழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். கொஞ்சத்தை மண்ணுக்குள் இறக்கும். பஞ்சை வெட்டிவிட்டால் ஒரே நோய் இரண்டு முகம் காட்டும். 2015இல் வெள்ளம். 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மறுபடியும் வெள்ளம். முதல் வருடம் தண்ணீரை வெளியேற்ற மோட்டார் போட்டவர்கள் நான்காம் வருடம் அதே தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றார்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. சரி. ஆனால் ஓர் இரவில் மதகைத் தூக்கியவர்களின் தவறு பெரிதாகத் தெரிகிற அளவுக்கு, அறுபது வருடமாகக் கலங்கலை அடைத்தவர்களின் தவறு தெரிவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு சதுப்பு முழுக்கச் செத்துவிடவில்லை. நூறுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் இன்றும் அங்கே பதிவாகின்றன. இருநூறடிச் சாலையில் பஸ் நிற்கும் நேரத்தில் திரும்பிப் பார்த்தால், குப்பைமேட்டுக்கு முன்னால் பூநாரைகள் தலைகீழாகக் கவிழ்ந்து மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றுக்குப் பதிவேடு தெரியாது.

7

கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். 2007இல் சதுப்பின் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,248 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தரிசு இப்போது ‘சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்’. இதற்காக நீண்ட காலம் போராடிய மக்களையும் சூழலியலாளர்களையும் நான் மதிக்கிறேன். இந்தப் பெயர்மாற்றம் வெற்றிதான். ஆனால் பெயர் மாறும்போதெல்லாம் யாரோ ஒருவர் வெளியேற்றப்படுகிறார் என்பதையும் இந்த வரலாறு சொல்கிறது.

அதே 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் ஒரு சட்டம் வந்தது. ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் யார்மீது போய் ஒட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். கூவம் கரையில் ஓலைக் குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர். கால்வாய்க்குள் தூண் நிறுத்தினால் அது திட்டம். சதுப்பில் வளாகம் எழுந்தால் அது நிறுவனம். ஏரிக்குள் மனை போட்டால் அது பட்டா. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து, ஆறுகளை மீட்கிறோம் என்ற பெயரில், குடும்பம் குடும்பமாக அப்புறப்படுத்தினார்கள். எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? பெரும்பாக்கத்துக்கு. அதற்கு முன் சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி. அதற்கும் முன் 2000இல் கண்ணகி நகர்; தரமணியில் டைடல் பார்க் திறந்த அதே வருடம். மூன்றும் இந்தக் கழுவெளியின் விளிம்பில், மழைக்குத் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த நிலத்தில். ஒரு நீர்நிலையை மீட்க இன்னொரு நீர்நிலையில் ஏழைகளைக் கொட்டுவது. பிறகு இந்த நீர்நிலையை மீட்கும்போது இவர்களை எங்கே அனுப்புவார்கள்? இவர்களில் மிகப் பலர் தலித்துகள் என்பதைச் சொல்லாமல் சூழலியல் பேசினால் அது அரைகுறைச் சூழலியல்தான். ஊருக்குப் புறம்பே சேரி, வரிக்குப் புறம்பே நிலம், நகரத்துக்குப் புறம்பே மறுகுடியமர்வு. மூன்று புறமும் ஒரே இடத்தில் வந்து முடிவது தற்செயல் அல்ல.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா ஒருவர் அடையாற்றங்கரையில் இருந்தவர். வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்தில் மேல்மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். பையன் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. இரண்டு பஸ் மாறி வருவதற்குள் ஒரு வீட்டு வேலை போனது. மிக்ஜாமுக்குப் பிறகு ஒருநாள் வந்திருந்தார். நாங்கள் நனைந்த பாயை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தோம். எங்கம்மா, ‘உங்க பக்கம் தண்ணி எப்படி?’ என்றார். ‘கீழ நின்னுச்சு, நாலு நாள் எறங்க முடியல. இங்கயும் ஏரி, அங்கயும் ஏரிதானம்மா. உங்களுக்குப் பட்டா குடுத்தாங்க, எங்களுக்கு டோக்கன் குடுத்தாங்க’ என்றார் அக்கா. எங்கம்மா பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே ‘நாம்’ என்ற சொல்லைக் கொஞ்சநாள் ஒதுக்கிவைப்போம். சதுப்பை மீட்பது என்றால் முதலில் ஒரு கணக்கு வேண்டும். எந்தப் புல எண் எந்த வருடம் எந்த உத்தரவால் வகை மாறியது, யாருக்குப் போனது, எத்தனை ஏக்கர். அந்தக் கணக்கைப் பொதுவில் வைக்கவேண்டும். அகற்றுவது என்று வந்தால் பெரிய பரப்பை எடுத்தவரிடமிருந்து தொடங்கவேண்டும், குடிசையிலிருந்து அல்ல. ஒக்கியம் மடுவின் வாயும் மேலே உள்ள ஏரிகளின் கலங்கலும் திறந்திருக்க வேண்டும். சாக்கடை உள்ளே வரக்கூடாது. இருக்கிற பஞ்சின்மேல் இன்னொரு லாரி மண் விழக்கூடாது. எங்கள் தெரு போன்றவற்றை என்ன செய்வது என்ற கேள்வியும் வரும். வரட்டும், அதில் எங்கள் பங்கை நாங்கள் பேசத்தான் வேண்டும். பட்டா இருக்கிறது என்பது பதில் அல்ல.

எங்கள் தெருக்கோடியில் பழைய ஏரியின் மதகுக்கல் ஒன்று இன்னும் நிற்கிறது. இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குக்கல். மழைக்கால ராத்திரிகளில் தண்ணீர் முதலில் அங்கேதான் வந்து நிற்கும், யாராவது திறந்துவிடுவார்கள் என்பதுபோல.